சாப்பிடலாம் சரி, இழுக்கலாமா?

ஷாஜிங், ஷென்ழென்
நிலாப் பண்டிகை கழிந்த பத்தாம் நாள், ஞாயிறு மதியம்

பெரியக்கா ஷூசென் அவர்களுக்கு, தம்பி டான் ஷௌயி பணிவுடன் எழுதுவது. இங்கு நான் நலமாக இருக்கிறேன். அங்கே உங்கள் உடல்நலம், அத்தானின் உடல்நலம், மருமகள் ருயிலானின் நலம், உங்கள் இடது முழங்காலின் நலம் ஆகிய நான்கையும் அறிய ஆவலாக இருக்கிறேன். நீங்கள் அனுப்பிய புகைபோட்ட பன்றி இறைச்சியும் மிளகாய் ஊறுகாய் ஜாடியும் எந்தச் சேதமும் இல்லாமல் வந்து சேர்ந்தன. ஊறுகாயை எங்கள் பிரிவில் எல்லோருக்கும் ஆளுக்கு ஒரு கரண்டி கொடுத்தேன். மூன்று பேர் காரமே தெரியவில்லை என்றார்கள். அது ஊறுகாயின் குற்றம் இல்லை. காரணத்தைப் பின்னால் எழுதுகிறேன்.

போனில் வீசாட்டில் நாலு வரியில் முடிக்க வேண்டியதை எதற்குக் காகிதத்தில் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். போன புத்தாண்டுக்குச் சிவப்பு உறைப் பணம் களைகட்ட வேண்டும் என்று எங்கள் பாங் முதலாளியை நம் குடும்பக் குழுவில் சேர்த்தது நீங்கள்தான். அவர் உறையைப் போட்டார், நாம் எல்லோரும் பாய்ந்து எடுத்தோம், அதற்கப்புறம் மனிதர் வெளியே போகவே இல்லை. உங்களுக்குத் தனியாக அனுப்பலாம்தான். ஆனால் தனியாக வரும் செய்திக்கு நீங்கள் குழுவில் அல்லவா பதில் போடுகிறீர்கள். "ஷௌயி, உங்க முதலாளி மகா கஞ்சன்னு சொன்னியே, இப்பவும் அப்படித்தானா?" என்று போன மாதம் போட்டீர்கள். அவர் அதற்குக் கட்டைவிரல் காட்டினார். ஆகவேதான் காகிதம்.

நீங்கள் கேட்டிருந்தது இது: எங்கள் தொழிற்சாலையில் இ-சிகரெட்டை இழுத்துப் பார்க்கும் மேசையில் ஓர் இடம் காலியாகியிருக்கிறது, ருயிலான் அதற்கு வருகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள், அதற்குள் ஊற்றும் தண்ணீரை ஆவியாக மூச்சில் இழுப்பது உடம்புக்கு ஆகுமா ஆகாதா, பெண்ணை அனுப்பலாமா கூடாதா. "ஒரே வார்த்தையில எழுது. உன் வழக்கப்படி வளவளன்னு பேசாதே" என்று வேறு சொல்லியிருந்தீர்கள். ஒரே வார்த்தையில் என்றால், தாராளமாக. ஆனாலும் தாய்மாமன் என்று ஒருவன் இருக்கும்போது காரணத்தைச் சொல்லாமல் விடுவது பொறுப்பாகாது.

அந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று ஊரில் ஆளுக்கொன்று சொல்வார்கள். கலக்கி இழுத்துப் பார்க்கிறவன் நான், என்னைக் கேளுங்கள். நாலே சரக்குதான். ஒன்று, புரொப்பிலீன் கிளைக்கால். வாசனையைத் தூக்கிக்கொண்டு போவது அது. இரண்டு, கிளிசரின். புகையை அடர்த்தியாக்கும், குளிர்காலத்தில் குதிகால் வெடிப்புக்கு நீங்கள் தடவிக்கொள்கிறீர்களே, அதேதான். மூன்று, எசன்ஸ். நாலு, நிக்கோட்டின். அதைப் பற்றி அத்தானுக்கு என்னைவிட அதிகம் தெரியும். முதல் இரண்டும் கேக்கிலும் இருமல் மருந்திலும் போடுகிறவை. எசன்ஸ், நான் இருபது வருடம் மிட்டாய்க் கம்பெனியில் கலக்கிய அதே எசன்ஸ். பீப்பாய் ஒவ்வொன்றின் மேலும் 'உணவுத் தரம்' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கிறது. குழந்தைகள் சப்பித் தின்றதைப் பெரியவர்கள் இழுத்தால் என்ன கெட்டுவிடப் போகிறது? பன்னிரண்டு வருடமாகக் கேட்கிறவர்களுக்கெல்லாம் இதைத்தான் சொல்லி வருகிறேன். ஒருவரும் மறுத்துப் பேசியதில்லை, போன மாதம் வரைக்கும்.

போன மாதம் கடல் கடந்து ஒரு கம்பெனியிலிருந்து சரக்கு வாங்க வந்தார்கள். பழச்சுவையை இந்த நாட்டுக் கடையில் விற்கக் கூடாது, புகையிலைச் சுவை மட்டும்தான் என்று சட்டம் வந்த பிறகு என் மாம்பழமும் லிச்சியும் கப்பலேறித்தான் போகின்றன. வந்தவர்களில் ஓர் அம்மாள், குட்டை முடி, கையில் ஒரு நோட்டு, எதைக் காட்டினாலும் சிரிக்காமல் எழுதிக்கொள்கிறவர். எங்கள் பாங் முதலாளிக்கு ஒரு வழக்கம் உண்டு. வாங்க வருகிறவர் கண்ணெதிரே நிக்கோட்டின் போடாத தண்ணீரைச் சூப்புக் கரண்டி நிறைய எடுத்து மடக்கென்று குடித்து, காலிக் கரண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டுவார். இதுவரை அந்தக் கரண்டியைப் பார்த்தபின் கையெழுத்துப் போடாமல் எழுந்து போனவர் இல்லை. அன்றைக்கும் குடித்தார், கவிழ்த்தார். அந்த அம்மாள் மொழிபெயர்ப்பாளரைப் பார்த்து ஏதோ சொன்னார். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"குடிச்சதைப் பார்த்தாங்களாம். நல்லதாம். ஆனா அவங்க ஊர்ல யாரும் இதைக் குடிக்கப் போறதில்லையாம். மூச்சுல இழுக்கப் போறாங்களாம். அதுக்கு என்ன காட்டுவீங்கன்னு கேக்கறாங்க."

"வயித்துக்கு ஒத்துக்கிட்டது நெஞ்சுக்கு ஒத்துக்காம போயிடுமான்னு கேளுங்க" என்றார் முதலாளி.

"காலையில நீங்க குடுத்த சிப்பிக் கஞ்சி ரொம்ப நல்லா இருந்துச்சாம். ஆனா அதை நெஞ்சுக்குள்ள இழுத்துப் பார்க்கணும்னு அவங்களுக்குத் தோணலையாம்."

முதலாளி இதைப் பெரிய நகைச்சுவையாக எடுத்துக்கொண்டார். சிரித்துக்கொண்டே இரண்டாவது கரண்டியை வாயில் ஊற்ற, சிரிப்பும் தண்ணீரும் ஒரே வழியில் போக, புரையேறிவிட்டது. சும்மா ஏறவில்லை அக்கா. முகம் சிவந்து, கண் பிதுங்கி, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் இருமினார். நானும் மொழிபெயர்ப்பாளரும் ஆளுக்கு ஒரு பக்கம் நின்று முதுகில் தட்டினோம். ஒரே ஒரு சொட்டு வழி தவறிப் போனதற்கு இத்தனை பாடு. அந்த அம்மாள் நோட்டில் ஒரு வரி எழுதிக்கொண்டார். இதிலிருந்து எனக்குத் தெரிந்தது, கரண்டியை அவ்வளவு நிறைக்கக் கூடாது என்பதுதான்.

போகிறபோது அவர் இரண்டு காரியம் செய்தார். அமெரிக்காவில் சோளப்பொரி ஆலையில் வெண்ணெய் வாசனை எசன்ஸை அண்டாவில் கலக்கியவர்களுக்கு அந்த ஆவியால் நுரையீரல் கெட்டுப்போனது, அதே பொரியைத் தின்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லி, அந்த எசன்ஸ் உங்களிடம் இருக்கிறதா என்று என்னைக் கேட்டார். என் 'பாலாடை' சுவையில் அதுதான் உயிரே. "அது அமெரிக்கச் சோளம்" என்று பதில் சொன்னேன். அவர் அதையும் எழுதிக்கொண்டார். இரண்டாவது, ஒரு காகிதம் கேட்டார். எங்கள் சரக்கு ஒவ்வொன்றும் மூச்சில் இழுக்கப் பத்திரமானது என்று கலக்குகிறவனே கையெழுத்துப் போட்டுத் தர வேண்டுமாம். சாப்பிட என்று எழுதக் கூடாதாம், இழுக்க என்றுதான் எழுத வேண்டுமாம். முதலாளி அச்சடித்துக் கொடுத்துவிட்டார். என் மேசையில் இருக்கிறது. நாளைக் காலையில் போட்டுவிடுவேன்.

அந்த அம்மாள் பேசியது சமையற்கட்டு வரைக்கும் போயிருக்கிறது. எங்கள் சமையல்காரி கே அண்ணி மறுநாளே வந்து, "வெண்ணெய் எசன்ஸ்னு ஒண்ணு வெச்சிருக்கீங்களாமே, இத்தனை வருஷமா என் கண்ணுல காட்டலையே" என்று ஒரு சீசாவை வாங்கிக்கொண்டு போனாள். நிலாப் பண்டிகைக்கு அதைப் போட்டு, மெத்தென்று இருக்கக் கொஞ்சம் கிளிசரினும் விட்டு அறுபது பேருக்கு நிலாக் கேக் செய்தாள். அப்படி ஒரு கேக்கை நான் ஷாஜிங்கில் தின்றதில்லை. முதலாளி நாலு தின்றார். யாருக்கும் தலைவலி கூட வரவில்லை. அறுபது வயிறு சாட்சி, இதைவிட என்ன வேண்டும்?

மறுநாள் மிச்ச எசன்ஸையும் கிளிசரினையும் வீணாக்க மனமில்லாமல், சோறு வறுக்கிறேன் என்று காய்ந்த இருப்புச் சட்டியில் அப்படியே கொட்டிவிட்டாள். குப்பென்று ஒரு ஆவி கிளம்பியது பாருங்கள். முதலில் நல்ல வாசனைதான் வந்தது. அப்புறம் எண்ணெய் கருகின காட்டம், தொண்டையைப் பிடித்துத் திருகுகிற காட்டம். வரிசையில் தட்டோடு நின்ற நாற்பது பேரும் தட்டைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினார்கள். கே அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"நேத்து தின்னப்ப தேனா இருந்துச்சு. இன்னிக்கு ஆவியா வந்தா ஆளைக் கொல்லுது. என்ன சரக்குப்பா இது?"

"சட்டி ரொம்பக் காஞ்சிடுச்சு அண்ணி. சரக்கு மேல தப்பில்ல."

"உங்க சிகரெட் மெஷினுக்குள்ள ஒரு கம்பி இருக்கே, அது காயாம பின்ன ஐஸ்கட்டி மாதிரியா இருக்குது?"

அப்போது எனக்கும் கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்ததால் முகம் கழுவப் போய்விட்டேன். கிளிசரின் அளவுக்கு மேல் சூடானால் அந்தக் காட்டம் வரும் என்பது மிட்டாய்க் கம்பெனியிலேயே எனக்குத் தெரியும். அங்கே அதை யாரும் விரும்பி இழுத்ததில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். எங்கள் மெஷினில் சூட்டுக்கு ஒரு அளவு வைத்திருக்கிறோம். அளவு பிசகுகிறவற்றைக் கண்டுபிடிக்கத்தானே இழுத்துப் பார்க்கும் மேசையே இருக்கிறது.

அந்த மேசை எப்படி என்று கேட்டிருந்தீர்கள். ஆறு பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். தட்டுத் தட்டாக மெஷின் வரும். ஒவ்வொன்றையும் ஒரு தடவை இழுத்து, விளக்கு எரிகிறதா, சுவை சரியா, கருகுகிறதா, ஒழுகுகிறதா என்று பார்த்து வலது பக்கமோ இடது பக்கமோ வைக்க வேண்டும். வெயிலில் நிற்க வேண்டாம், கனம் தூக்க வேண்டாம். நாள் முழுக்க மாம்பழ வாசனை. இடையிடையே நாக்கைத் துடைக்க வெறும் மாவு ரொட்டி கொடுக்கிறோம், கம்பெனிச் செலவு. நாக்குதான் கொஞ்சம் மரத்துப்போகும். ஊறுகாய்க் காரம் தெரியாத மூன்று பேரும் அந்த மேசைக்காரர்கள்தான். பத்திரத்துக்கும் குறைவில்லை. 'வாயோடு நிறுத்தவும். நெஞ்சுக்குள் இழுக்கக் கூடாது' என்று பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறது. எழுதியவன் நான்தான். எவ்வளவு முன்ஜாக்கிரதையோடு நடத்துகிறோம் என்று இதிலேயே தெரிந்துகொள்ளலாம். காலியாக இருப்பது மெய்ஷியாங் என்ற பெண்ணின் இடம். அவள் ஓய்வுக்காக ஊருக்குப் போயிருக்கிறாள்.

வியாழக்கிழமை உடல்பரிசோதனை வண்டி வந்தது. வருடா வருடம் வருவதுதான். இந்த வருடம் மூச்சை ஊதிப் பார்க்கும் குழாய் ஒன்றையும் கொண்டு வந்திருந்தார்கள். நான் மூத்தவன் என்பதால் முதலில் உட்கார வைத்தார்கள். நர்ஸ் சின்னப் பெண்.

"நல்லா இழுத்து, ஒரே மூச்சுல முழுசா ஊதுங்க."

ஊதினேன்.

"முழுசா."

"முழுசாத்தான் ஊதினேன்."

"தொண்டையில இருந்ததை ஊதினீங்க. மிச்சத்தையும் ஊதுங்க."

"மிச்சம் ஒண்ணும் இல்லம்மா."

அவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சீட்டைப் பார்த்தாள். "வயசு எழுபத்திரண்டுதானே?"

"ஐம்பத்திநாலு."

குழாயை மாற்றினாள். மறுபடி ஊதினேன். நெஞ்சின் வயது என்று திரையில் அதே எழுபத்திரண்டுதான் வந்தது. அன்று மதியம் சிப்பிக் கஞ்சி கொஞ்சம் அதிகமாகச் சாப்பிட்டிருந்தேன், பெல்ட்டும் இறுக்கம். பெரிய ஆஸ்பத்திரியில் போய்க் காட்டுங்கள் என்று ஒரு காகிதம் கொடுத்திருக்கிறாள். பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு ஒரு நாள் போவேன்.

அத்தானுக்கு நான் அனுப்பிய லிச்சி மெஷின்களைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். சிகரெட்டை விடுவதற்காக அனுப்பினேன். முன்பு நாளுக்கு ஒரு பாக்கெட், இப்போது ஒரு பாக்கெட்டும் லிச்சியும் என்கிறீர்கள். "சிகரெட்டுக்கும் சிகரெட்டுக்கும் நடுவுல வாய் சும்மா இருக்கறதில்ல, மச்சானுக்குப் புண்ணியம்" என்று அத்தான் சொன்னாராம். அவர் அதைச் சரியான முறையில் பயன்படுத்தவில்லை என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். காலையில் இருமுகிறாரே என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் முன்பும் இருமினார்.

ஆகவே அக்கா, எந்தப் பக்கம் பார்த்தாலும் பயப்பட ஒன்றுமில்லை. ருயிலானைச் செவ்வாய்க்கிழமை ரயிலில் ஏற்றிவிடுங்கள். ஸ்டேஷனுக்கு நானே வருகிறேன். போர்வை ஒன்று கொடுத்தனுப்பினால் போதும். விடுதியில் கொசுவலை நான் வாங்கித் தருகிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம். உங்கள் முழங்காலுக்குச் சூட்டு ஒத்தடம் மறக்காமல் கொடுங்கள். நம் வீட்டுப் பெரியவர்களின் ஆசி உங்கள் அனைவருக்கும் நிழலாக இருக்கட்டும். அடுப்பும் அரிசிப் பானையும் குறைவின்றி இருக்க வேண்டிக்கொள்ளும்,

உங்கள் அன்புத் தம்பி,
டான் ஷௌயி

பி.கு. இன்று திங்கள், பகல் மூன்று மணி. ஷென்ழென் ரயில் நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். மேலே உள்ளதைத் தபாலில் போடுவதற்குள் காலை ஏழு மணிக்கே ருயிலான் போர்வையோடு தொழிற்சாலை வாசலில் வந்து நின்றாள். தோழி வீட்டுக்குப் போகிறேன் என்று உங்களிடம் சொல்லிவிட்டு வந்தாளாம். திட்டாதீர்கள். திட்டுவதாக இருந்தால் என்னையும் சேர்த்துத் திட்டுங்கள்.

வந்தவளை நேராக மேசைக்குக் கூட்டிப்போய் மெய்ஷியாங்கின் நாற்காலியில் உட்கார வைத்தேன். அவள் மெஷினைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தாள்.

"மாமா, இதை யாரு எழுதினா?"

"நான்தான்."

"நெஞ்சுக்குள்ள இழுத்தா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது."

"பின்ன எதுக்கு இழுக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கீங்க?"

"ஒரு முன்ஜாக்கிரதைதான்."

"அப்ப வாங்கறவங்களுக்கும் டப்பா மேல இதையே ஒட்டி அனுப்புவீங்களா?"

அந்த வரியை எதற்காக எழுதினேன் என்று யோசித்தேன் அக்கா. தெரியாததால்தான் எழுதியிருக்கிறேன். அதற்குள் அவள், "சரி மாமா, சும்மா கேட்டேன்" என்று ஒரு மெஷினை எடுத்து வாயில் வைத்தாள். நான் கையைத் தட்டிவிட்டேன். மெஷின் தரையில் விழுந்து உருண்டது. ஐந்து பெண்களும் இழுப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். பயந்துபோனேன், வெளிப்படையாகவே சொல்கிறேன். அந்த ஐந்து பேரும் கூட யாரோ ஒருவருடைய மருமகள்கள்தானே, அவர்களைப் பார்த்து எனக்கு இத்தனை நாள் ஏன் இந்தப் பயம் வரவில்லை என்று வெட்கமாகவும் இருந்தது.

மெய்ஷியாங் ஓய்வுக்குப் போகவில்லை. இருபத்தாறு வயதுப் பெண், விடுதியின் மூன்றாம் மாடிக்கு ஏற ஒவ்வொரு திருப்பத்திலும் படியில் உட்கார வேண்டியிருந்தது. எதனால் என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை. இதனால் இல்லாமலும் இருக்கலாம். சிகரெட்டை முழுதாக விட்டுவிட்டு இதற்கு மாறியவனுக்கு அதைவிட இதில் கேடு குறைவாக இருக்கலாம் என்று அந்தக் குட்டைமுடி அம்மாளே சொன்னார். ஆனால் ருயிலான் எதை விட்டுவிட்டு இதற்கு வருகிறாள்? இருபது முப்பது வருடம் இதை இழுத்தவர்களின் நெஞ்சு எப்படி இருக்கும் என்பதற்கு இன்னும் ஆளே இல்லை. இருப்பதிலேயே நாள்பட்ட நெஞ்சுகளில் என்னுடையதும் ஒன்று. அதற்கு எழுபத்திரண்டு வயதாம்.

அந்த அம்மாள் கேட்ட அச்சடித்த காகிதத்தில் 'சாப்பிடலாம். இழுத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது' என்று எழுதிக் கொடுத்தேன்.

"தெரியாதுன்னு எழுதவா உன்னைப் பன்னிரண்டு வருஷம் வெச்சிருக்கேன்?" என்றார் முதலாளி.

"தெரிஞ்சதைத்தான் எழுதியிருக்கேன்."

இன்றிலிருந்து என்னைப் பேக்கிங் பிரிவில் போட்டிருக்கிறார். அங்கே ஜன்னல் இருக்கிறது. புதன்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகிறேன், சிப்பிக் கஞ்சி குடிக்காமல். அத்தானிடமிருந்து லிச்சியைப் பிடுங்கிவிடுங்கள். அந்த ஒரு பாக்கெட்டையும் சேர்த்துப் பிடுங்க உங்களால் மட்டும்தான் முடியும். பெண்ணை இன்றைய ரயிலிலேயே திருப்பி அனுப்புகிறேன், அங்கே வந்து சேர்ந்ததும் குழுவில் 'வந்துட்டா' என்று மட்டும் போடுங்கள். தயவுசெய்து வேறு எதையும் போடாதீர்கள்.

இந்தக் கடிதத்தை உங்கள் கையில் கொடுப்பவளே ருயிலான்தான். இங்கே உட்கார்ந்து முழுவதையும் படித்துவிட்டாள். பின்குறிப்புக்கு மேலே இருப்பதை எல்லாம் கிழித்துப் போடுங்கள் என்றாள். நான் விடவில்லை. நேற்று மதியம் அத்தனையையும் நம்பித்தான் எழுதினேன் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். ஒரே ஓர் இடத்தில் மட்டும் விட்டுக்கொடுத்தேன். நீங்கள் கேட்ட ஒரு வார்த்தைப் பதிலில், 'தாராளமாக' என்று நான் எழுதியிருந்ததைக் கோடு போட்டு அடித்துவிட்டு மேலே 'வேண்டாம்' என்று அவளே எழுதியிருக்கிறாள். எழுத்து வேறாக இருக்கிறதே என்று சந்தேகப்படாதீர்கள். பக்கத்தில் என் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.